குதிரையைப் பார்த்த கண்ணால் லாயத்தையும் பாருங்கள்

ஈரோடு மாவட்டம், பவானியை அடுத்த அந்தியூரில் ஆடி மாதம் குதிரைக் கனைப்புக்குப் பஞ்சமில்லை. புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், மாடுகளோடு கத்தியவார், மார்வாரிக் குதிரைகளும் வரிசையாக நிற்கும். சுழி பார்த்து, நடை பார்த்து, பல்லைப் பிடித்து வயது பார்த்து வாங்குகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறது அடுத்த கேள்வி: எங்கே கட்டுவது? டவுனில் குடியிருப்பவர்களும், தோட்டத்தில் ஆள் இல்லாதவர்களும் மாதப் பணம் கொடுத்து வேறொருவர் லாயத்தில் விட வேண்டியிருக்கும்.

லாயத்தைத் தேர்ந்தெடுக்கும் பாடத்தைச் சந்தையிலேயே படிக்கலாம். அலங்காரம் செய்த முகப்பக்கம் கூட்டம் நிற்கும். விவரமானவர்கள் பின்பக்கம் நடப்பார்கள். லத்தி உருண்டையாக, ஈரத்தோடு கிடந்தால் தீனியும் தண்ணீரும் சரியாகக் கிடைக்கிறது என்று அர்த்தம். சிறுத்து, காய்ந்து கிடந்தால் தண்ணீர் போதவில்லை. நலமான குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை லத்தி போடும்.

லாயத்திலும் இதே கண்தான் வேண்டும். ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி இடம் இருக்கிறதா? உள்ளே குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். மூத்திர நெடி கண்ணைக் கரித்தால், அங்கே படுக்கும் குதிரையின் நுரையீரலும் கெடும். தண்ணீர்த் தொட்டியில் பாசி இருக்கக் கூடாது. குதிரை தினமும் 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும்.

அடுத்து தீவன அறை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு, தினமும் 6 முதல் 8 கிலோ உலர்தீவனம் வேண்டும். கடலைக்கொடியில் பூஞ்சணம் இருக்கிறதா என்று கையில் எடுத்து உதறிப் பாருங்கள். கோழிப்பண்ணையும் லாயமும் ஒரே தோட்டத்தில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் கலக்கப்படும் மொனென்சின், குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். இரண்டு தீவனமும் ஒரே அறையில் இருந்தால் அந்த லாயம் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: ராத்திரி அங்கே யார் படுக்கிறார்கள்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி கண்டால் தரையைக் காலால் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், விழுந்து புரளும். குடல் முறுக்கிக்கொண்டால் விடிவதற்குள் உயிர் போய்விடும். இதைக் கவனித்து டாக்டரைக் கூப்பிட ஆள் இல்லாத லாயம், எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

சந்தையிலிருந்து வரும் குதிரையை இரண்டு, மூன்று வாரம் தனியாகக் கட்டும் வழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். கிளாண்டர்ஸ் நோய் மற்ற குதிரைகளுக்கும் மனிதர்களுக்கும் பரவும். ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்கும் லாயக்காரரே நல்ல லாயக்காரர். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன், சொல்லாமல் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். தீனி வைக்கும் நேரத்தில் லாயத்தின் நிஜ முகம் தெரிந்துவிடும். அவசரத்தில் உங்களுக்குப் போன் கிடைக்காவிட்டால் எந்த டாக்டரைக் கூப்பிடுவது, எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.