வேங்கைப் பழுப்பு

நீலகிரிக் கோத்தகிரியில் வாங்கிய, ஆலு குறும்பர் பழங்குடியினரின் ஓவியம் ஒன்று என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. பாறையிலிருந்து தொங்கும் கொடி ஏணி, தேனடை, கீழே புகை போடும் இரண்டு பேர். எல்லாம் கோட்டுருவங்கள்தான். ஆனால் அந்தப் பழுப்பு! பர்ன்ட் சியன்னாவாக இருக்கும் என்று ஸ்கெட்ச் புத்தகத்தில் தீட்டிப் பார்த்தேன். சிவப்பு தூக்கலாக இருந்தது. பர்ன்ட் அம்பரில் உயிரே இல்லை. இரண்டையும் கலந்து, மேலே தேயிலை டிகாஷன் ஒரு பூச்சு கொடுத்ததும் கொஞ்சம் கிட்டே வந்தது. ஆனாலும் படத்தில் கோடு தடித்த இடங்களில் அடியில் ஒரு சிவப்பு மினுங்குகிறதே, அது வரவில்லை. எங்கிருந்து வந்த நிறம் இது?

நீலகிரியில் நிறம் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பது வெள்ளைக்காரர்களின் வாட்டர்கலர்களிடம். நானும் அங்கேதான் போனேன். குன்னூரிலிருந்து டால்பின்ஸ் நோஸ் போகும் வழியில் லேடி கேனிங் சீட் என்று ஒரு காட்சிமுனை உண்டு. கவர்னர் ஜெனரலின் மனைவி ஷார்லட் கேனிங் 1858இல் இந்த மலையில் தங்கியவர், தேர்ந்த ஓவியர். அவர் வரைந்தவை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. 1874இல் ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் வந்தார். பார்த்த இடத்திலேயே பென்சிலில் வரைந்து, எங்கே என்ன நிறம் என்று படத்தின் மேலேயே கிறுக்கி வைத்துவிட்டு, மையும் வண்ணமும் பிறகு போடுவது அவர் வழக்கம். அந்த வழக்கத்தை நான் கடன் வாங்கிக்கொண்டேன். நிறத்துக்கு அவர்களிடம் விடை இல்லை. அவர்கள் பெட்டியில் இருந்தது சீமைச் சரக்கு. லண்டனில் ரீவ்ஸ் கம்பெனி 1780களிலேயே வண்ணத்தைக் கட்டியாக்கி விற்கத் தொடங்கிவிட்டது.

கோத்தகிரிக்குக் கீழே, சரிவில் இருக்கிறது குறும்பர் ஊரான வெள்ளரிக்கொம்பை. பக்கத்து எழுத்துப்பாறையில் பழைய பாறை ஓவியங்கள் உண்டு. குறும்பர்கள் அவற்றைத் தங்கள் முன்னோர் கை என்கிறார்கள். கோயில் பூசை செய்யும் குடும்பத்து ஆண்கள் சுவரில் உருவங்கள் வரைவதும், வாசல், சன்னல் ஓரங்களில் பெண்கள் கரை எழுதுவதும் மரபு. சுவரிலிருந்து இது காகிதத்துக்கும் துணிக்கும் வந்ததில் சென்னை சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையத்துக்குப் பங்கு உண்டு. வெள்ளரிக்கொம்பைக்காரரான குறும்பர் ஓவியர் ஆர். கிருஷ்ணனுக்கு, மறைவுக்குப் பின், 2026இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்கலாம்.

அந்தப் பக்கத்து ஓவியர் ஒருவரிடம் என் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். என் பழுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பெயிண்டுங்க. அது வேங்கைப் பாலு" என்றார். வேங்கை மரத்தின் பட்டையில் கீறினால் சிவப்பாக வடியும். காய்ந்தால் கறுத்து இறுகும். வெள்ளைக்குப் போதி மண், சிவப்புக்குச் செம்மண், கறுப்புக்குக் கரிமரப் பட்டை, பச்சைக்குக் காட்டவரை இலை என்று அடுக்கினார். வேங்கை கீழ்ச்சரிவுக் காட்டு மரம். ஊட்டி இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேலே. அங்கே சோலையில் தேடினால் கிடைக்காது.

போனில் அம்மாவிடம் சொன்னேன். சேலத்துக்காரி. "வேங்கைப் பாலா? உனக்கு ஒரு வயசு வரைக்கும் அதுலதானே பொட்டு வெச்சேன்" என்றாள். பாலைக் காய்ச்சி, சின்னக் கொட்டாங்குச்சியில் இறுக விட்டு விற்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்து எடுக்க வேண்டும். ரீவ்ஸின் வண்ணக்கட்டி செய்கிற வேலைதான்!

அம்மா அனுப்பிய கொட்டாங்குச்சியோடு உட்கார்ந்தேன். 300 ஜிஎஸ்எம் தாள், வெதுவெதுப்பான தண்ணீர். முதல் பூச்சு தேன் நிறம். காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொன்று: பழுப்பு. மூன்றாவதில் அந்தச் சிவப்பு மினுக்கம் வந்துவிட்டது. பிசின் சேர்க்கவே வேண்டாம். நிறமும் அதுதான், பசையும் அதுதான். செம்மண்ணை அரைத்து, கரைத்து, தெளிய வைத்து எடுத்தாலும் கருவேலம்பிசின் கலக்காவிட்டால் தாளில் நிற்காது. வேங்கையை அளவுக்கு மீறித் தடிப்பாகப் போட்டால் தாளை வளைக்கும்போது வெடித்து உதிர்கிறது. துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரை ஒரு வேங்கைக் கட்டத்தின் மேல் தொட்டு வைத்தேன். பழுப்பு கண் முன்னாலேயே பச்சை ஓடிய கறுப்பாகிவிட்டது. பக்கத்தில் இருந்த குன்னூர்த் தேயிலைக் கட்டமும் கறுத்தது. இரண்டிலும் துவர்ப்பைத் தருவது டானின். இரும்போடு சேர்ந்தால் அது கறுக்கும். அந்தக் காலத்து எழுதும் மை பலவும் இந்தச் சேர்க்கைதான். இலைப் பச்சைதான் ஏமாற்றியது. பாதியைக் கறுப்புத்தாளால் மூடிச் சன்னலில் வைத்தேன்; வெயில் பட்ட பாதி வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துவிட்டது. இன்று சில ஓவியர்கள் கடைப்பச்சையைத் தொடுகிறார்கள் என்றால் அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் கத்தியோடு காட்டுக்குப் போக வேண்டாம். வேங்கை அழிவு அபாயத்தை நெருங்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. காட்டு விளைபொருளைச் சேகரிக்கும் உரிமை 2006 வன உரிமைச் சட்டப்படி அங்கே வாழும் பழங்குடிகளுக்கு உரியது. உங்கள் ஸ்கெட்ச் புத்தகத்துக்கு ஒரு கொட்டாங்குச்சிப் பொட்டு தாராளம். குறும்பர் ஓவியம் வாங்கினால், வரைந்தவரின் பெயரைக் கேட்டுப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். அப்படியே, எந்த நிறம் எதிலிருந்து வந்தது என்றும்.