பூட்டு ஊரிலிருந்து வத்தலக்குண்டு வரை

திண்டுக்கல் என்றதும் பூட்டுத்தான் நினைவுக்கு வரும். மாங்காய்ப் பூட்டைக் கையாலேயே செய்து பழகிய தொழிலாளர் இன்று அருகிவிட்டனர். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பின்னும் அலிகார் பூட்டின் மலிவு விலைக்கு ஈடு கொடுப்பது கடினமாகவே இருக்கிறது. ஊருக்கு மேலே நிற்கும் மொட்டைப் பாறையின் கோட்டையிலிருந்து நோக்கினால், மேற்கே பழனி மலைத்தொடர் வரை சமவெளி விரிகிறது. நாம் போனதும் அத்திசையில்தான்.

செம்பட்டியைக் கடந்தால் வத்தலக்குண்டு. வெற்றிலைக்குப் பேர் போன ஊர். எழுத்துக்கும் அப்படியே: ராஜம் ஐயரும் பி. எஸ். ராமையாவும் பிறந்த மண் அல்லவா! ஆயினும் நம்மை அங்கே இழுத்தது, 1884 அக்டோபர் 4-ஆம் தேதி அவ்வூரிற் பிறந்த சுப்பிரமணிய சிவாவின் நினைவே.

1908-இல் ராஜத்துரோக வழக்கில் திருநெல்வேலி நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தது பத்தாண்டு. மேல் முறையீட்டில் அது ஆறாண்டாயிற்று. 1912-இல் வெளியே வந்தபோது அவர் உடலில் குஷ்டம் பற்றியிருந்தது. பின்னர் ரயிலில் ஏறவும் தடை விதித்தார்கள். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்று பேசினார். 1925 ஜூலை 23-இல் பாப்பாரப்பட்டியில் காலமானபோது அவருக்கு வயது நாற்பது. நம்மில் பலர் அவ்வயதைக் கடந்து, முழங்கால் வலியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கிறோம்!

நீதிபதி எழுதிய தீர்ப்பில் குஷ்டம் இல்லை. ரயில் தடையும் இல்லை. சிறை தானாகச் சேர்த்த வட்டி அது. இந்த வட்டியைத்தான் நார்வே நாட்டார் ஒப்புவதில்லை. சுதந்திரத்தை இழப்பதே தண்டனை. மற்ற உரிமைகள் கைதிக்கு உண்டு என்பது அவர்கள் கொள்கை. பாஸ்தோய் என்னும் தீவுச் சிறையில் கைதிகள் வீடுகளில் வசித்து, பண்ணை வேலை செய்கிறார்கள். சிறைக் காவலர் வேலைக்கு ஈராண்டுப் பயிற்சி உண்டு. அங்கும் அண்மையில் ஆட்குறைவால் கைதிகள் அறையிலேயே நெடுநேரம் அடைபட நேர்கிறதாம். சொர்க்கம் என்று எண்ண வேண்டா.

'அது சிறிய நாடு, செல்வ நாடு' என்று நண்பர்கள் தள்ளிவிடக் கூடும். ஆனால் நம் கோவை சிங்காநல்லூரில் 1956-லேயே திறந்தவெளிச் சிறை ஏற்பட்டது. சிவகங்கைப் பக்கம் புரசடையிலும் ஒன்றுண்டு. வழி தெரியாதவர்கள் அல்லோம். எனினும் இவை தண்டனை பெற்று நன்னடத்தை காட்டியவர்களுக்கே உரியவை. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கினருக்குத் தீர்ப்பே எழுதப்படவில்லை. வட்டி மட்டும் அன்றாடம் ஏறிக்கொண்டிருந்தது.