பயணம் நின்ற வீடு



மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியை அண்டியது ஜெயபுரம், கிளிநொச்சி மாவட்டம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணமும், அதற்கப்பால் பலாலி விமான நிலையமும் இவ்வூருக்குக் கிட்டிவிட்டன.

2023இல் அங்கே ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். வீட்டம்மாவின் தம்பிக்குக் கல்யாணம். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. ஐந்து வயது மகளின் முதுகிலோ கொப்புளிப்பான் (சின்னம்மை)!

“நீட்டுக்கைச் சட்டை போட்டுவிட்டால் ஆருக்குத் தெரியப்போகுது, மௌலவி?” என்றார் தாய். கண் கலங்கியிருந்தது. ஒரே தம்பி அல்லவா!

சட்டை கொப்புளத்தை மறைக்கும், மூச்சை மறைக்குமா? கொப்புளம் தோன்ற ஓரிரு நாள் முன்பிருந்தே, எல்லாம் பொருக்குக் கட்டும்வரை இது தொற்றும். விமானத்தில் காற்றை வடிகட்டுகிறார்களே என்பீர்கள். உண்மைதான். ஆனால் பக்கத்து இருக்கைக்கும் நெருக்கமான வரிசைக்கும் அது காவலாகாது. அங்கே இந்நோய் முன்பு காணாத ஒரு கர்ப்பிணி இருந்தால்? நுரையீரல் வரை பாதிக்கலாம்; கருவையும் தாக்கலாம். தொற்றியது தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். யாரால் வந்ததென்று அவள் அறியவே மாட்டாள்.

ஷாமில் கொள்ளைநோய் என்று கேட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பிய வரலாற்றைச் சொன்னேன். தாய் பேசவில்லை. பிறகு அவரே தொலைபேசியை எடுத்தார். பொருக்கெல்லாம் காய்ந்தபின் டாக்டர் கடிதத்தோடு வரும்படி விமான நிறுவனத்தார் கூறினர்.

சிறுவயதிலேயே இந்நோய் கண்டிருந்த தந்தை மட்டும் மறுநாள் புறப்பட்டார். கூறைச் சேலைப் பொதியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தாய் படலையடியில் நின்றார்.