இடுப்பும் தோளும்

எங்கள் பங்கில் ஓர் இளந்தம்பதியர் உள்ளனர். ஆறு ஆண்டுகள் காத்திருந்து ஒரு பெண் மகவைப் பெற்றனர். சென்ற ஆண்டு நவம்பர் மாதம் அக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தபோது, என் சார்பில் பயனுள்ள பரிசு ஒன்று கொடுக்க வேண்டும் என்னும் ஆசை எனக்கு எழுந்தது. செபமாலையும் சுரூபமும் பிறர் கொடுப்பார்கள். ஆகவே நாகர்கோவில் கடை ஒன்றில் ஏறி, குழந்தையை மார்போடு கட்டிச் சுமக்கும் பை ஒன்றை வாங்கினேன். குருமடத்தில் பல்லாண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்ற எனக்கு அப்பையின் தரத்தை அறிய இருந்த ஒரே அளவுகோல் நிறம்தான். நீலம் நன்றாயிருந்தது, வாங்கிவிட்டேன்.

இரண்டு வாரங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, அந்தத் தாய் சந்தைக்குச் சென்று திரும்பும் வழியில் ஒரு சான்றிதழுக்காக என் அலுவலகத்திற்கு வந்தார். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் குடை. மார்பில் நான் கொடுத்த நீலப் பை. குழந்தை உறங்குகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவ்வேளையில் எங்கள் மருந்தகத்தைக் கவனிக்கும் அருட்சகோதரி அங்கே அமர்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து, ஒரு சொல்லும் பேசாமல், குழந்தையின் தாடைக்கடியில் இரண்டு விரல்களை வைத்து முகத்தை உயர்த்தினார். தாடை நெஞ்சில் அழுந்தியிருந்தது. மூச்சு பூனைக்குட்டியின் முனகல் போல வந்துகொண்டிருந்தது. உதட்டோரம் சற்றே நிறம் மாறியிருந்தது. பையைக் கழற்றிக் குழந்தையை நிமிர்த்திப் பிடித்த பிறகு அது வீறிட்டு அழுதது. தாய் விசுப்பலகையில் அமர்ந்தவர் நெடுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

குழந்தையை நன்றாகப் பார்த்து, ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “ஃபாதர், நல்ல மனத்தோடுதான் வாங்கினீர்கள். குழந்தையின் எடை என்னவென்று கேட்டீர்களா?” நான் கேட்கவில்லை. பையின் உட்புறத்தில் தைக்கப்பட்ட சிறு துணியில், 5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு உரியதன்று என்று அச்சிட்டிருந்தது. நான் அதை வாசிக்கவுமில்லை. குழந்தைக்கு அப்போது ஆறு வாரம். எடை 4 கிலோ.

அன்று அவர் விளக்கியதைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருப்பது நலம். முதல் நான்கு மாதங்களில் குழந்தையின் கழுத்து உறுதியற்றது, மூச்சுக்குழல் மிருதுவானது. தலை கவிழ்ந்து தாடை நெஞ்சில் பட்டால் வழி அடைபடும். தலையைத் தூக்கவும் அதற்கு இயலாது, கதறவும் இயலாது. அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010ஆம் ஆண்டில் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. தோளில் தொங்கும் துணித்தூளிகளோடு தொடர்புடையனவாக, அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் குறைந்தது 14 மரணங்களை அது ஆராய்ந்தது. அவற்றுள் 12 நான்கு மாதம் நிறையாத குழந்தைகளுடையவை. ஆதலால் துணியோ பையோ எதுவாயினும், குழந்தை உடலோடு இறுகியிருக்க வேண்டும். தாய் குனிந்தவுடன் முகம் தெரிய வேண்டும். உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரு விரல் நுழைய வேண்டும், முதுகு மடங்கலாகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால் மருத்துவரைக் கேளாமல் எதிலும் வைத்துக் கட்டலாகாது.

கால்களைப் பற்றியும் சொன்னார். என் நீலப் பையில் குழந்தையின் தொடைகளுக்கு நடுவே ஒரு குறுகிய பட்டைதான் இருந்தது. கால்கள் இரண்டும் கயிற்றில் கட்டிய துணிபோல நேராகத் தொங்கின. இளங்குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு அது நல்லதன்று. ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை துணி தாங்க வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தொடைகள் அகன்றிருக்க வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்கு என் அக்காவின் நினைவு வந்தது. தாயார் வயல்வேலைக்குச் செல்ல, ஒன்பது வயதிலிருந்த அக்காவின் இடுப்பில்தான் நான் வளர்ந்தேன். அவ்விடுப்பில் என் தொடைகள் அகன்று, முழங்கால்கள் உயர்ந்தே இருந்திருக்கும்; மருத்துவர்கள் இன்று வேண்டுவதை நம் வீட்டுப் பெண்கள் கேளாமலே செய்தார்கள். எசாயா இறைவாக்கினர் நூலின் 66ஆம் அதிகாரத்தில் குழந்தை சுமக்கப்படும் இடத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு விலாப்பக்கம் என்றே பொருள். குழந்தைக்கு நன்மைதான், சுமந்தவளுக்கு? அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தினார். இன்று அறுபதைக் கடந்துவிட்டார். நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தே நிற்பார். முதுகுவலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தால், “நீ பிள்ளையிலேயே கனம்தான்” என்று சிரிப்பார். நான் குருவானேன்.

நரிக்குறவப் பெண்கள் தோளில் துணி கட்டிக் குழந்தையைச் சுமந்து வருவதைக் கண்டு, சிறுவராயிருந்தபோது நாங்கள் ஏளனம் செய்ததுண்டு. ஆனால் அமெரிக்கச் செவிலியரான ஆன் மூர் என்னும் பெண்மணி, 1960களில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றியபோது, அந்நாட்டுத் தாய்மார் முதுகில் துணி கட்டிக் குழந்தைகளைச் சுமப்பதை ஏளனமாகப் பார்க்கவில்லை. ஊர் திரும்பித் தம் மகளை அவ்வாறே சுமக்க விரும்பினார். அவருடைய தாயாரின் உதவியோடு தைத்த பைக்கு 1969இல் காப்புரிமையும் பெற்றார். கடைகளில் பளபளக்கும் இன்றைய பைகளுக்கு மூத்த தலைமுறைகளுள் அதுவும் ஒன்று.

அந்தத் தம்பதியர் சென்ற ஜூன் மாதம் மீண்டும் வந்தனர். குழந்தைக்கு எட்டு மாதம் நிறைந்திருந்தது. எடை 8 கிலோ. எங்கள் பங்கிலிருந்து காற்றாடிமலைக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடாகியிருந்தது. புனித தேவசகாயம் 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்ட, ஆரல்வாய்மொழியை அடுத்த மலை அது. 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபின் அங்கு வருவோர் பெருகியுள்ளனர். துபாயிலுள்ள மைத்துனர், அலுமினியச் சட்டமும் சிறு இருக்கையும் வெயில் மறைப்பும் கொண்ட, முதுகில் சுமக்கும் பை ஒன்றை அனுப்பியிருந்தார். “இதையே சந்தைக்கும் எடுத்துப் போகலாமா ஃபாதர்?” என்றார் தாய். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. சிஸ்டரை அழைத்து வந்தேன்.

தானாக உட்காரும் குழந்தைக்கே சட்டப் பை ஆகும் என்றார் அவர். இக்குழந்தை உட்காருகிறது, சரி. ஆனால் பை மட்டுமே 3 கிலோ. தண்ணீரும் மாற்றுத்துணியும் சேர்ந்தால் சுமப்பவர் தோளில் 12 கிலோவுக்கு மேல் ஏறும். நகரப் பேருந்தில் அதோடு நுழைய முடியாது. தாழ்ந்த கிளையும் கடைவாசல் நிலையும் குழந்தையின் தலையைத்தான் முதலில் தொடும். அன்றாடச் சந்தைக்கு, பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் அகன்ற பட்டையுள்ள மெல்லிய பருத்திப் பையே போதும். நம் ஊர் வியர்வைக்கும் அதுவே ஏற்றது. பட்டைகள் தாய்க்கும் தகப்பனுக்கும் பொருந்துமாறு நீளவும் குறுகவும் வேண்டும். எதைக் கட்டிக்கொண்டும் ஸ்கூட்டரில் ஏறலாகாது, அடுப்பருகே நிற்கலாகாது என்று அழுத்திச் சொன்னார். ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னபோது தகப்பன் தலைகுனிந்தார்.

அவருக்கு வேறொரு தயக்கமும் இருந்தது. “மலைக்கு நான் சுமக்கிறேன். ஆனால் சந்தைத் தெருவில் ஆண்பிள்ளை கட்டிக்கொண்டு போனால் சிரிப்பார்கள், ஃபாதர்.” எங்கள் ஆலயத்தின் பக்கப் பீடத்தில் புனித சூசையப்பர் குழந்தையை ஏந்தி நிற்கிறார், அவரைப் பார்த்து இதுவரை எவரும் சிரித்ததில்லை என்றேன். இணைச்சட்ட நூலின் முதல் அதிகாரத்தில், பாலைநிலத்தில் இறைவன் தம் மக்களைச் சுமந்ததற்கு உவமையாக வருவதும் மகனைச் சுமக்கும் தகப்பன்தான். பருத்திப் பை மறுவாரமே வாங்கப்பட்டது. கடையில் அதை முதலில் கட்டிப் பார்த்தவர் அவர்தான் என்று மனைவி பின்னர் சொன்னார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் மாதக் காற்று எப்படிப்பட்டதென்று அங்குள்ள காற்றாலைகளே சொல்லும். தகப்பன் சட்டப் பையைச் சுமந்து ஏறினார். ஒரு வளைவில் வெயில் மறைப்புக்குள் காற்று புகுந்து, கப்பற்பாயைப் போல் அவரைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டடி தடுமாறி, பாறையைப் பிடித்து நின்றார். குழந்தை விளையாட்டென்று எண்ணிக் கைகொட்டியது. தாயின் பையில் அந்தப் பருத்திப் பையும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அங்கேயே அமர்ந்து குழந்தையைத் தகப்பனின் மார்போடு மாற்றிக் கட்டினார்கள்; சிஸ்டர் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தார். வெறுமையான சட்டப் பையை என் முதுகில் மாட்டிக்கொண்டேன். அதில் தண்ணீர்ப் புட்டிகளையும் எல்லாருடைய குடைகளையும் போட்டார்கள்.

இறங்கி வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, இருக்கைக்குள் எட்டிப் பார்த்து, “பிள்ளை எங்கே, சாமி?” என்றார்.