தண்டவாளம் காட்டும் குற்ற வரைபடம்: கோலாலம்பூர் முதல் கிள்ளான் துறைமுகம் வரை

ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு செல்வதற்காக 1886இல் திறக்கப்பட்டு, பின்னர் துறைமுகம் வரை நீட்டிக்கப்பட்ட கோலாலம்பூர்-கிள்ளான் இருப்புப்பாதை, நகர்ப்புறக் குற்றம் இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் எவ்வாறு மாறுகிறது என்பதை வரிசையாகக் காட்டும் தடமாகும். குற்றம் செய்யத் துணிந்தவர், அவருக்கு எளிதில் அகப்படும் இலக்கு, தடுப்பதற்கு ஆளில்லாத சூழல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடும்போதுதான் குற்றம் நிகழ்கிறது என்று கோஹன், ஃபெல்சன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1979இல் முன்வைத்த விளக்கம் 'அன்றாட நடவடிக்கைக் கோட்பாடு' எனப்படுகிறது. இத்தடத்தின் பெரும்பகுதிக்கு அது பொருந்துகிறது.

ரயில்வே தொழிலாளர்களின் குடியிருப்பாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ், 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபின் நாள்தோறும் பெருந்திரள் கடந்து செல்லும் சந்திப்பாயிற்று. இத்தகைய சந்திப்புகளுக்குரிய குற்றம் மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பையைப் பறிக்கும் வழிப்பறியாகும். 2010இல் மலேசிய அரசு குற்றம் மிகுந்த ஐம்பது இடங்களைத் தேர்ந்து, நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே தடுப்புக் கம்பிகளும், விளக்குகளும், கண்காணிப்புக் கேமராக்களும் அமைத்தபோது, ஆளைத் துரத்துவதைவிட இடத்தைத் திருத்துவது பயன் தரும் என்பதை அதுவே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் கொமியூட்டர் புறநகர் ரயிலில் பெண்களுக்கெனத் தனிப் பெட்டி விடப்பட்டதும் அவ்வகைத் திருத்தமே.

பந்தாய் டாலாமைக் கடந்து பெட்டாலிங், கம்போங் டத்தோ ஹருன் நிலையங்களை அடையும் பாதை, 2001 மார்ச்சில் ஆறு உயிர்களைப் பலிகொண்ட கம்போங் மேடான் வன்முறை நிகழ்ந்த பகுதியை ஒட்டிச் செல்கிறது. அதை இனப்பகையாக மட்டுமே பார்ப்பவர்கள், புறம்போக்கு வீடுகளிலும் நீள்வீடுகளிலும் ஏழை மலாய்க்காரரும், இந்தியரும், இந்தோனேசியக் குடியேறிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த நிலையைக் கவனிப்பதில்லை. ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, வேலையோடு வீட்டையும், கோயிலையும், தமிழ்ப்பள்ளியின் அண்மையையும் ஒருசேர இழந்த தமிழ்க் குடும்பங்கள் இத்தகைய இடங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. தோட்டத்தில் பிள்ளைகள் எல்லார் கண்ணிலும் வளர்ந்தார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விடும் அடுக்குமாடியில் அந்தக் கண்கள் இல்லை. குண்டர் கும்பல் நுழைந்தது அந்த வெற்றிடத்தில்தான்.

சுபாங் ஜெயா, ஷா ஆலம் ஆகிய வசதி மிகுந்த பகுதிகளின் அச்சம் வீடு புகுந்து திருடுவதைப் பற்றியது. வேலியும் காவலாளியும் வைத்துக்கொள்ள அங்குள்ள பலரால் முடிகிறது.

எதைக் குற்றமென்று அழைப்பது என்பதே காலந்தோறும் மாறியதற்குக் கிள்ளான் சான்று. கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் கேட்டு 1941இல் ஆர்.எச்.நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தோட்டப் பாட்டாளிகளைக் காலனிய அரசு படையை ஏவி ஒடுக்கியது. ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். அன்று சட்டமீறல் எனப்பட்டது இன்று உரிமைப் போராட்டமாக எழுதப்படுகிறது. 2013இல் துப்பாக்கிச் சூடுகள் பெருகியபோது உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களை அறிவித்து, ஏறத்தாழ 40,000 உறுப்பினரில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றது. மக்கள்தொகையில் ஏழு விழுக்காட்டளவே உள்ள ஒரு சமூகத்தின்மீது அந்த எண் முத்திரையாக விழுந்தது. அவ்வாண்டே திருத்தப்பட்ட குற்றத்தடுப்புச் சட்டம், விசாரணையின்றி ஈராண்டு வரை ஒருவரைத் தடுத்துவைக்க வழி செய்தது. இளைஞரை அகற்றிய அச்சட்டம் அவர் வளர்ந்த அடுக்குமாடியைத் தொடவில்லை.

பாதை முடியும் துறைமுகத்தில் குற்றம் கடத்தலாக உருவெடுக்கிறது. பாதையையே சாராத குற்றமும் உண்டு: 2020 மார்ச்சில் கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு தெருக்களை வெறிச்சோடச் செய்தபின், தொலைபேசி, இணைய மோசடிகள் பெருகின. 2022இல் 997 என்ற எண்ணுடன் தேசிய மோசடி எதிர்வினை மையம் தொடங்கப்பட்டது. இம்மோசடியின் பணமும் பெரும்பாலும் பணமுடையில் உள்ள பிறரிடம் இரவல் பெற்ற வங்கிக் கணக்குகள் வழியே கைமாறுவதால், அதையும் மனிதரின் நெருக்கடியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

கும்பல் உறுப்பினரை இனவாரியாக எண்ணி வெளியிட்ட அரசு, அவர்கள் எந்தக் குடியிருப்பிலிருந்து, எந்தத் தோட்டம் அழிந்தபின் வந்தவர்கள் என்பதையும் இடவாரியாக எண்ணி வெளியிட வேண்டும்.