ஐந்துக்கு எட்டு பாத்ரூம்

வீட்டைப் புதுப்பிக்கும்போது எந்த அறை அதிகம் படுத்தும் என்று கேட்டால் பலரும் சமையலறை என்றுதான் சொல்வார்கள். மதுரையில் 1988-ல் கட்டிய வீட்டின் மாடியில், பெரிய படுக்கையறையையும் அதை ஒட்டிய பாத்ரூமையும் மாற்றி அமைக்கக் கிளம்பிய ஒரு கணவன் மனைவியைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். பெயிண்ட், அலமாரி, ஃபேன் எல்லாம் ஒரே மாலையில் முடிவாகிவிட்டன. ஐந்தடி அகலம், எட்டடி நீளம் உள்ள பாத்ரூமுக்குத்தான் மூன்று வாரம் ஆனது.

கணவர் ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது பி.எஃப். பணம். வேலை பார்த்த காலத்தில் ஏதோ ஒரு ஓட்டலில் பார்த்த பாத் டப் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. பாத்ரூம் சுவரைப் படுக்கையறைப் பக்கம் நான்கடி தள்ளிக் கட்டி, புதிதாகக் கிடைக்கும் இடத்தில் வெஸ்டர்ன் டாய்லெட், பழைய இடத்தில் டப் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் படமே போட்டுவிட்டார். மனைவிக்கு டப்பைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. "எனக்கு ராத்திரி கால் நனையாம போய்ட்டு வரணும், அவ்வளவுதாங்க" என்றார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய அமைப்பு என்ன தெரியுமா? கதவைத் திறந்ததும் வாஷ்பேசின், நடுவில் குளிக்கும் இடம், கடைசியில் வெளிச்சுவரை ஒட்டி இந்தியன் டாய்லெட். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் இதே வரிசைதான். மலக்குழாய் வெளிச்சுவர் வழியாக இறங்குகிறது, அதனால் டாய்லெட்டை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். குழாய்க்கு வசதி, சரி. மனிதருக்கு? யாராவது குளித்துவிட்டு வந்த பிறகு டாய்லெட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஈரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பிளம்பர் வந்து காலண்டர் தாளைப் பார்த்தார். தரையைத் தட்டிப் பார்த்தார். "சார், பாத்ரூம் இருக்கிற இடத்துல மட்டும்தான் ஸ்லாபைப் பள்ளமா இறக்கிப் போட்டிருக்காங்க. நீங்க கேக்கிற இடம் சமதளம்" என்றார். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பது அங்குலத்துக்கு ஒரு அங்குலமாவது சரிவு வேண்டும். நான்கடி தூரத்துக்கு ஒரு அங்குலத்துக்கும் மேல் ஆகிவிடும். குழாயின் கனம், அதை மூடும் கான்கிரீட், மேலே டைல்ஸ் எல்லாம் சேர்த்தால் தரையை ஆறு ஏழு அங்குலம் உயர்த்த வேண்டும். வேண்டாம் என்றால் ஸ்லாபைத் துளைத்துக் குழாயைக் கீழே தொங்கவிடலாம். கீழே குடியிருப்பவர்களின் சமையலறை! அடுப்புக்கு நேர் மேலே மலக்குழாய் போவதற்கு எந்த வாடகைதாரர் சம்மதிப்பார்?

"ஒரு படிதானே, ஏறிட்டா போச்சு" என்றார் கணவர்.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தார். பொங்கலுக்கு முந்தைய வாரம் நடு இரவில் அந்த ஈரத்தில் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பித்திருக்கிறார். முழங்கைக் காயத்துக்குக் கதவு இடித்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தார். மூட்டு வலியோடு சமதளத்தில் நடப்பதே சிரமம், இதில் தூக்கக் கலக்கத்தில் படி வேறா என்று கேட்டார். பிளம்பர் நாசூக்காக மொட்டை மாடியில் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றிரவே காலண்டர் தாளில் வேறு படம் வந்தது. அறை அதே ஐந்துக்கு எட்டு. (இதுவே குறைவில்லை. டாய்லெட்டும் குளியலும் சேர்ந்த அறைக்கு 2016-ம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது 2.8 சதுர மீட்டர்தான், இது 3.7 வரும்.) வரிசை மட்டும் தலைகீழ். கதவை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட், கடைசியில் ஜன்னலுக்குக் கீழே குளியல். டாய்லெட்டிலிருந்து வெளிச்சுவருக்கு ஐந்தடி வரும். ஆனால் குழாய் முழுக்கப் பள்ளத்துக்குள்ளேயே போய்விடுவதால் தரை உயராது. வாஷ்பேசின் படுக்கையறைப் பக்கச் சுவருக்குப் போனது. அதன் கழிவுக் குழாய் ஒன்றேகால் அங்குலம்தான், சுவருக்குள்ளேயே அடங்கிவிடும். டப் போனது போனதுதான். அதை ஒரு தடவை நிரப்ப ஆகும் தண்ணீரில் கோடையில் வீடே குளித்துவிடும்.

வாஸ்து சொல்ல ஒருவர் வந்தார், காபி குடித்தார், போனார்.

வணிகவியல் பாடத்தில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு உண்டு. பழையதைப் பழையபடி பராமரித்தால் வருவாயினம், நீண்ட நாள் பலன் தரும் மாற்றம் செய்தால் முதலினம். பழைய டைல்ஸை மட்டும் மாற்றினால் போதும் என்று கணவர் ஒரு நாள் சோர்ந்துபோய்ச் சொன்னது முதல் வகை. ஆயிரங்கள் மிச்சமாகியிருக்கும், வழுக்கும் இடம் அங்கேயே இருந்திருக்கும். வரிசையை மாற்றுவதற்கு ஆகும் கூடுதல் செலவில் பெரும்பங்கு பள்ளத்தை நிரப்பியிருந்த செங்கல் ஜல்லியை அள்ளும் கூலிதான்.

கதவு விஷயத்தில் கொத்தனாருக்கும் மனைவிக்கும் சின்ன வாக்குவாதம். உள்ளே திறந்தால்தான் படுக்கையறைப் பக்கம் அழகாக இருக்கும் என்பது அவர் கட்சி. உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் வெளியே இருப்பவர் எப்படித் திறப்பார் என்று மனைவி கேட்டார். வெளியே திறக்கும் கதவே வந்தது. டாய்லெட் பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி வைக்கவும் முடிவானது. டைல்ஸ் ஒட்டும் முன்பே அதற்கான இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். குளிக்கும் இடம் மட்டும் அரை அங்குலம் தாழ்வு, சொரசொரப்பான டைல்ஸ், உட்கார ஒரு ஸ்டூல்.

டைல்ஸ் போடுவதற்கு முன் பள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தினார்கள். கீழ்வீட்டு அக்கா காலையும் மாலையும் சமையலறைக் கூரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கசியலைங்கம்மா" என்று மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். வேலை முடிந்த அன்று கணவர் கைப்பிடியைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். "உங்களுக்குப் போட்டது இல்லைங்க, விடுங்க" என்று மனைவி அவரை விரட்டினார்.