டென்மார்க் வீதிக்கு ஒரு கிற்றாருடன்

லண்டனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஈஸ்ற்ஹாமும் ரூட்டிங்கும் வெம்பிளியும் ஒரு கிழமைக்குள் பழகிவிடும். டென்மார்க் வீதியைத் தெரிந்தவர்கள் எம்மவரில் குறைவு. இங்கு வந்து பத்து வருடங்களுக்கு மேலாகியும் நானும் போனதில்லை. சென்ற மாதம்தான் போக நேர்ந்தது.

காரணம் மாமாவின் கிற்றார். 1985இல் இங்கு வந்தவர் அவர். ஜப்பானில் செய்த சிவப்பு மின்சாரக் கிற்றார் ஒன்றைப் பழசாக வாங்கி, கலியாண வீடுகளிலும் கலைவிழாக்களிலும் வாசித்தார். காலமாகி இரண்டு வருடம். இப்போது அதைப் பழகுவது அவருடைய பேத்தி, பன்னிரண்டு வயது. தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவில் மேடையேறியவளுக்கு இரண்டாவது பாட்டிலேயே சுருதி இறங்கிவிட்டது. அழுதுகொண்டு வந்தவள், இனி அதைத் தொடமாட்டேன் என்றாள்.

மாமி என்னைக் கூப்பிட்டார். தொழிற்சாலையில் மெஷினோடு நிற்பவனுக்கு எல்லாம் திருத்தத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். பார்த்தேன். தந்திகளை முறுக்கும் ஆறு ரியூனர்களும் தேய்ந்து ஆடின. வீணையில் பிருடை இளகினால் வருகிற அதே கோளாறு.

கிற்றார் வாசிக்கும் போலந்துக்காரர் ஒருவர் என்னோடு வேலை செய்கிறார். "லொக்கிங் ரியூனர் போடு" என்றார். சாதாரண ரியூனரில் தந்தியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றவேண்டும். அந்தச் சுற்றுகள் இறுகியும் இளகியும் சுருதியை மாற்றும். லொக்கிங் ரியூனரில் தண்டுக்குள்ளேயே ஒரு பிடி தந்தியைக் கவ்விக்கொள்ளும். ஒரு முழுச் சுற்றுக்கூடத் தேவையில்லை. ஆனால் அதற்கு 10 மில்லிமீற்றர் ஓட்டை வேண்டும், பழைய கிற்றாரில் ஓட்டை சிறிது என்றார். எங்கள் வேலைத்தலத்தில் துளைக்கும் மெஷின் இருக்கிறது. சனிக்கிழமை வாங்கி, திங்கட்கிழமை துளைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மாமி ஒன்றுதான் சொன்னார். "தம்பி, மாமாவின்ரை சாமான். பழுதாக்கிப் போடாதை."

வெம்பிளி பார்க்கில் யூபிலி ரயில் ஏறி, பொண்ட் ஸ்ற்றீற்றில் மாறி, ரொட்டன்ஹாம் கோர்ட் றோட்டில் இறங்கினேன். சேரிங் குறொஸ் றோட்டால் இரண்டு மூன்று நிமிட நடை. வீதி என்றுதான் பெயர், நீளம் எங்களூர் ஒழுங்கையளவு. ஒரு காலத்தில் பாட்டு அச்சடித்து விற்றவர்களின் தெரு இது. நாலாம் இலக்கக் கட்டடத்தில் இருந்த றீஜென்ற் சவுண்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் றோலிங் ஸ்ரோன்ஸ் குழு 1964இல் வெளியிட்ட முதல் அல்பத்தைப் பதிவு செய்தது. இப்போது அங்கே கிற்றார் விற்கிறார்கள். எலிசபெத் பாதை ரயிலுக்காக (அது 2022இல் திறக்கப்பட்டது) அயலில் நிறைய இடித்துக் கட்டினார்கள். கடைகள் சில போய்விட்டன. மிஞ்சியவற்றின் கண்ணாடிகளுக்குப் பின்னால் கிற்றார்கள் வரிசையாகத் தொங்குகின்றன. சிலவற்றின் விலை என் ஒரு வருடச் சம்பளத்துக்குக் கிட்ட.

உண்மையைச் சொன்னால், கடைவாசலை மூன்று தரம் கடந்து நடந்தேன். என் ஆங்கிலத்துக்கு இது வேலைசெய்யுமோ என்ற கூச்சம். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, வாங்காமல் பார்த்துக்கொண்டு நிற்பவர்களே அங்கே அதிகம். ஒருவரும் முறைக்கவில்லை. சுவரில் தொங்குவதை எடுப்பதற்கு முன் கேட்டால் போதும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

நரைத்த தலைக் கடைக்காரர் ஒருவர் கிற்றாரை வாங்கி, மேசையில் ஒரு துணியை விரித்துக் கிடத்தினார். ஒரு ரியூனரைக் கழற்றி ஓட்டையை அளந்தார். எட்டரை மில்லிமீற்றர். திங்கட்கிழமைத் திட்டத்தைச் சொன்னேன். வேகமாகத் தலையாட்டி மறுத்தார். துளைக்கும்போது மேற்பூச்சு உதிரும், மரம் பிளக்கவும் கூடும், பிறகு பழையபடி ஆக்கமுடியாது என்று எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். பிறகு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். கோட்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் லொக்கிங் ரியூனர்கள், பழைய சிறிய ஓட்டைக்கென்றே செய்தவை. பின்பக்கத்து ஆணி ஓட்டைகள்கூடப் பொருந்தின. அளவு பாராமல் வேறொன்றை வாங்கியிருந்தால், நான் துளைத்தேயிருப்பேன்.

அன்றிரவே மாமி வீட்டில் பூட்டினோம். ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாம் தந்தி மட்டும் இன்னும் விலகியது. முறுக்கும்போது "ணிங்" என்று ஒரு சத்தம். தந்திகள் கழுத்தின் மேல்முனையில் ஏறிச் செல்லும் வெள்ளைத் துண்டை நட் என்பார்கள். அதன் பள்ளத்தில் தந்தி சிக்கியிருந்தது. எவ்வளவு நல்ல ரியூனர் பூட்டினாலும் இந்தக் குறை தீராது. பேத்தியின் பென்சிலால் பள்ளத்தைக் கறுப்பாக்கினேன். செலவு ஒன்றுமில்லை, சிக்கலும் போயிற்று. ரியூனர் வாங்க நினைப்பவர்கள் முதலில் பென்சிலைப் பிடித்துப் பாருங்கள்.

பிள்ளை மூன்று பாட்டு வாசித்தாள். சுருதி நின்றது. கழற்றிய பழைய ஆறையும் கடதாசியில் சுற்றி மாமியிடம் கொடுத்தேன். மாமாவின் மூக்குக்கண்ணாடி கிடக்கும் லாச்சியைத் திறந்து, அதற்குப் பக்கத்தில் வைத்தார்.